சவுரியப்பன் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள்

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற வழியில், மினி பஸ் மட்டும் நிற்கிற ஒரு ஊர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் "எங்க ஊர்ல கொசுவே கிடையாது" என்று நாளைக்கே நாலு பேர் மறுப்பு எழுதுவார்கள், கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே.

அந்த ஊரில் யுவராணியைத் தெரியாதவர் இல்லை. அவள் தெருமுனையில் தலைகாட்டியதும் ஒளிந்துகொள்ளாதவரும் இல்லை. அவள் போலீஸ் அல்ல. கையில் ஒரு டார்ச் லைட், ஒரு கரண்டி, ஒரு மருந்து பாட்டில், ஒரு சாக்பீஸ், அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் டிரம், சிமெண்ட் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒழுகுகிற தட்டு, கொட்டாங்குச்சி என்று தண்ணீர் நிற்கிற இடத்திலெல்லாம் கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நெளிந்தால் கொட்டிவிட வேண்டும். பார்த்து முடித்ததும் வாசல் சுவரில் தேதி போட்டு, பக்கத்தில் வால் நீட்டிய ஒரு 'யு' போடுவாள். அது இருந்தால் அந்த வீடு சுத்தம். மேலிருந்து யார் வந்தாலும் சுவரைத்தான் பார்ப்பார்கள். தொட்டியைப் பார்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் இடுப்பு வலிக்கும்.

ஏரியூர்ப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்தாள், பனியன் கம்பெனிக்குக் கொஞ்ச காலம் போனாள், கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தாள், இந்த வேலை கிடைத்தது. வேலையில் சேரும்போது புழுக்கள்தான் எதிரி என்று நினைத்திருந்தாள். ஒரே மழைக்காலத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. புழு பாவம், கரண்டியை விட்டால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜனங்கள் அப்படியா?

பானுமதி வீட்டில் முன்கதவுக்கு வெளியே பூட்டுத் தொங்கும். உள்ளே சீரியலில் மாமியார் அழுவது தெருவரைக்கும் கேட்கும்.

"பானுக்கா, ஒளியறதுதான் ஒளியறீங்க, டிவியை அமுத்திட்டு ஒளியுங்க."

உள்ளே மாமியார் உடனே அழுகையை நிறுத்துவாள்.

அடுத்த வீட்டில் வேறு பதில். "நேத்துத்தான் இன்னொரு மேடம் வந்து எல்லாம் பாத்துட்டுப் போனாங்களே." இன்னொரு மேடம் என்று ஒருத்தி இந்தப் பூமியிலேயே கிடையாது. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியவர், யுவராணி வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் இடுப்புத் துண்டோடு தொட்டிக்குப் பக்கத்தில் குளிக்க உட்கார்ந்துவிடுவார். பெண்பிள்ளை எப்படி உள்ளே வருவாள்? ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் அவரைப் போலச் சுத்தமான மனிதர் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

இத்தனை பேரையும் யுவராணி சமாளித்தாள். அவளுக்குத் தெரியாமல் இருந்த கில்லாடி ஒருவன் இருந்தான். அவன் அவளுடைய புருஷன்.

சவுரியப்பன் பஸ் நிற்கிற இடத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். தங்கமான மனுஷன், பஞ்சர் ஒட்டினால் ஒட்டினதுதான். ஒரே ஒரு வியாதி. பழைய டயரைத் தூக்கிப் போட மனசு வராது. "கெடக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்று கடைக்குப் பின்னால் அடுக்குவான். லாரி டயர், டிராக்டர் டயர், என்றைக்கோ செத்துப்போன ஒரு அம்பாசிடரின் டயர், எல்லாம் அங்கே எதற்காகவோ காத்துக் கிடந்தன. மழை பெய்தது. டயர்களுக்குள் தண்ணீர் நின்றது. கொசுவுக்கு அதுவே ஆயிற்று.

சொந்த வீட்டையும் சொந்தக் கடையையும் தானே பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வேலையில் வழக்கம். அதனால் பஸ் நிற்கிற பக்கம் அன்பரசி என்ற இன்னொரு பெண்ணின் பொறுப்பு. அன்பரசி வந்தால் டயரையெல்லாம் கவிழ்த்துவிடுவாள், இல்லையென்றால் லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்வாள். சவுரியப்பன் யோசித்தான். வீட்டிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து வந்தான். வாரம் தவறாமல் கடைச் சுவரில் தேதி போட்டு, பக்கத்தில் வால் நீட்டிய ஒரு 'யு' போட்டுவிடுவான். அன்பரசி வருவாள், சுவரைப் பார்ப்பாள், 'அக்காவே பாத்துட்டாங்க, நாம போய் நோண்டுனா நல்லாவா இருக்கும்' என்று போய்விடுவாள். யுவராணியோ, அன்பரசி பார்த்துக்கொள்கிறாள் என்று நிம்மதியாக இருந்தாள். இரண்டு காவலுக்கு நடுவில் கொசு மூன்று தலைமுறை கண்டது.

காய்ச்சல் வந்தபோதும் அவன் முதலில் மறைக்கத்தான் பார்த்தான்.

"ஏங்க, நெத்தி கொதிக்குதே."

"அடுப்பாண்ட நின்னேன்."

"நீங்க எந்த ஜென்மத்துலங்க அடுப்பாண்ட நின்னீங்க?"

இழுத்துக்கொண்டு போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்தாள். என்எஸ்1 பாசிட்டிவ் என்று வந்தது. மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் பஸ் நம்பரைப் போல எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல் அது. "அவனுக்கு என்எஸ் ஒன்னு" என்றால் டெங்கு. அது டெங்கு வைரஸ் தயாரித்து நம் ரத்தத்தில் மிதக்கவிடுகிற ஒரு புரதத்தின் பெயர் என்பதோ, அந்தப் புரதம் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெயரை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பயப்படாதீங்க, நிறையக் குடிங்க, தினமும் வந்து ரத்தம் பாருங்க, காய்ச்சல் விட்டாலும் வாங்க என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் சொன்ன வார்த்தை மட்டும் சவுரியப்பன் மனசில் நிற்காமல் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டது.

டெங்கு என்று தெரிந்தால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தேட வேண்டும். சூப்பர்வைசர் முருகேஷ் ஆட்களோடு வந்தார். பஞ்சர் கடைக்குப் பின்னால் போய் ஒரு லாரி டயருக்குள் டார்ச் அடித்தார். உள்ளே திருவிழாக் கூட்டம். நிமிர்ந்தார். எதிரே சுவரில் அந்த வாரத் தேதி, பக்கத்தில் 'யு'.

"யுவராணி, இது யாரு போட்டது?"

யுவராணி கிட்டப் போய்ப் பார்த்தாள். வளைவு சரி. வாலின் நீளம் சரி. வால் முனையில் சாக்பீஸைத் தூக்குகிற இடத்தில் விழும் சின்னப் புள்ளி, அதுகூடச் சரி.

"என்னுதுதாங்க சார்," என்றாள். பிறகு, "ஆனா நான் போடலீங்க," என்றாள்.

 அன்பரசி அழ ஆரம்பித்துவிட்டாள். ஆட்கள் டயர்களைக் கவிழ்த்தார்கள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இடுப்புத் துண்டுப் பெரியவர்கூட அன்றைக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நம்ம வூட்டுக்கு வந்து கரண்டிய உட்டு உட்டுப் பாத்தாளே, அவ புருஷன் டயர்லயே பண்ணை வெச்சிருக்கான் பாரு," என்றது பானுமதியின் குரல்.

வீட்டுக்கு வந்ததும் யுவராணி புருஷனின் கட்டிலுக்கு முன்னால் நின்றாள். அவன் போர்வைக்குள் கிடந்தான்.

"ஊர்ல எவனெவனோ ஏமாத்துனான், தாங்கிக்கிட்டேன். நீங்களுமா? அதுவும் என் கையெழுத்தையே போட்டு?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாலு சரியா வந்துருந்துதா?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு, "கஞ்சி வெச்சிருக்குதுன்னு சொல்லு" என்று சுவரில் இருந்த பல்லியிடம் சொன்னாள். ரத்தம் பார்க்கக் கூட்டிப் போகிறபோதும் அவள் முன்னால், அவன் பின்னால். இரண்டு நாள் அப்படிப் போனது.

அடுத்த நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றி ஜில்லென்று இருந்தது. ஆனால் விடிந்ததிலிருந்து அடிவயிற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்தது, கொல்லைக்குப் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இதை அவளிடம் சொல்லலாம். சொன்னால் ஆஸ்பத்திரியில் படுக்கப் போடுவார்கள், ஊரே பார்க்க வரும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் 'அந்த டயர்ல வந்த கொசுதானுங்களே' என்று அவள் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். போதும் என்று நினைத்தான். எழுந்து கடைக்குப் போய், மிச்சமிருக்கிற டயரையெல்லாம் லாரிக்காரனைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பிவிட்டால் அவள் கோபம் தணியும்.

அதனால் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயமல்ல. காய்ச்சல்காரன் தலைக்கு ஊற்றிக்கொண்டால் வியாதி முடிந்தது. அதற்கு மேல் யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், நாடி பிடிக்க மாட்டார்கள். ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தால் அந்த மனிதன் நல்லாயிட்டான், மதியத்துக்குக் கோழி அடிக்கலாம்.

யுவராணி ஈரத் தலையைப் பார்த்தாள். பல்லியை விட்டுவிட்டு அவனிடமே பேசினாள்.

"உட்டுருச்சா?"

"உட்டுருச்சு."

"ரத்தம் பாக்கப் போவணும்."

"சாயங்காலம் போலாம். நீ வேலைக்குக் கெளம்பு."

அவள் போனாள். வீடு வீடாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறவள், வீட்டில் இருந்தவனின் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மினி பஸ் டிரைவர் அறிவழகன்தான் போன் செய்தான்.

"அக்கா, மாமா டயர் மேல உக்காந்திருக்காரு. கூப்புட்டா முழிக்கறாரு, பதிலே இல்ல."

"நடிப்பாருடா. டயரைத் தூக்கச் சோம்பேறித்தனம்."

"கை ஐஸ் மாதிரி இருக்குதுக்கா. வேர்த்து ஊத்துது."

ஐஸ் மாதிரி இருக்கிற கையை யாராலும் நடிக்க முடியாது. யுவராணி கரண்டியோடு ஓடினாள். நூத்தியெட்டு வந்தது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறவரை கரண்டி கையிலேயே இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வார்டில் டாக்டர் ராதிகா, வயசுப் பெண், நடந்துகொண்டே யோசிக்கிற ரகம். பிரஷர் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், இரண்டு கையிலும் டிரிப் ஏற்றச் சொன்னார்.

"காய்ச்சல் உட்டுருச்சுங்களே மேடம். தலைக்குக்கூட ஊத்திக்கிட்டாரு."

"டெங்குல காய்ச்சல் விடற நேரம்தாம்மா பயப்பட வேண்டிய நேரம். ரத்தக் குழாயெல்லாம் கசியுது. ரத்தத்துல இருக்கற தண்ணி வெளிய போயிட்டிருக்கு. ரத்தம் கெட்டியாயிட்டு வருது."

கட்டிலில் பாதிக் கண் திறந்திருந்த சவுரியப்பன் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"எந்த எடத்துலங்க கசியுது?"

"ஒரு இடம்னு இல்லீங்க. உடம்பு பூரா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்படி ஒரு டியூப் கடைக்கு வந்தால் அவன் என்ன சொல்வான் என்று அவனுக்குத் தெரியும். பேட்ச் நிக்காதுங்க, வேற மாத்திக்குங்க என்பான். வேற எங்கே போவது?

யுவராணிக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை, டாக்டரிடமே கேட்டாள். கொசு கடித்தது, சரி. வைரஸ் உள்ளே போனது, சரி. உடம்பில் நோயை எதிர்க்க ஆள் இருக்கிறது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களே, அத்தனை ஆளும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

"பார்த்தாங்கம்மா, அவங்களை ஏமாத்திருச்சு," என்றார் ராதிகா, டிரிப்பின் வேகத்தைச் சரிசெய்துகொண்டே. "இந்த வைரஸ்கிட்ட மொத்தமே பத்துப் புரதம்தான். செல்லுக்குள்ள போனதும் அதுல சிலது சேர்ந்து மறைவா ஒரு சவ்வுப் பை பண்ணிக்கும். அதுக்குள்ள உக்காந்து பெருகும். வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"பூட்டு தொங்கும்," என்றாள் யுவராணி.

டாக்டருக்குப் புரியவில்லை. "அப்படியும் சில செல் கண்டுபிடிச்சு, பக்கத்து செல்லுக்கெல்லாம் ஆபத்துன்னு தகவல் அனுப்பும். தகவல் வாசல் வரைக்கும் வந்துரும். வாசல்ல வாங்கி உள்ள கொண்டுபோய்க் குடுக்கற ஒரு ஆள் இருக்கு, அதுவும் ஒரு புரதம்தான். வைரஸோட இன்னொரு புரதம் அந்த ஆளைப் பிடிச்சு, செல்லோட குப்பை அரைக்கற மிஷின்ல தள்ளிவிட்டுரும்."

"குப்பை மிஷின் யாருதுங்க?"

"நம்ம உடம்போடதுதான்."

யுவராணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கேட்கிற யாருக்கும் உட்காரத்தான் தோன்றும். ஒரு ஒன்றிய அலுவலகத்துக்கே பத்து ஆள் போதாது என்று மனுப் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று பத்தே புரதத்தை வைத்துக்கொண்டு, அதிலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று உத்தியோகம் கொடுத்து, கோடிக்கணக்கான காவலாள் இருக்கிற உடம்பையே ஆட்டிவைத்துவிடுகிறது.

"அப்புறம் இந்த என்எஸ்1," என்றார் ராதிகா. "ரத்தத்துல சில காவல் புரதம் சுத்திக்கிட்டே இருக்கும். வேத்தாளைப் பார்த்தா ஓட்டை போட்டு அழிச்சிரும். ஆனா நம்ம செல்லைத் தொடாது. ஏன்னா, 'இது நம்ம ஆளு, விட்டுரு'ன்னு அடக்கறதுக்கும் நம்ம ரத்தத்துலயே ஒரு புரதம் இருக்கு. என்எஸ்1 அதைப் பிடிச்சுத் தன் பக்கத்துல நிறுத்திக்கும். காவல் வரும், பார்க்கும், நம்ம ஆளுதான்னு அடங்கிப் போயிரும்."

யுவராணி கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"வாலு கூடச் சரியா இருக்குமுங்களா மேடம்?"

"எந்த வாலு?"

"ஒண்ணுமில்லீங்க. சொல்லுங்க."

"அதே புரதம்தான் ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் இருக்கற பூச்சையும் அரிக்குது. இது ஒரு பக்கம். இத்தனை நாள் ஏமாந்த உடம்பு லேட்டா முழிச்சு, கண்ணு மண்ணு தெரியாம அடிக்கும். அதுல வைரஸ் குறைஞ்சிரும், காய்ச்சல் விட்டுரும். ஆனா அந்த அடியில குழாயும் சேர்ந்து கசியும்."

இது நமக்குப் பழக்கமான நிர்வாகம்தான். ஆக்கிரமிப்பு நடக்கும்போது தூங்கிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஜேசிபியோடு வந்து, ஆக்கிரமித்தவன் சுவரோடு அடுத்தவன் சுவரையும் இடிப்பது. 

"மேடம், பொழச்சுக்குவாருங்களா?"

ராதிகா நடப்பதை நிறுத்தினார். "இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும்மா. கசியறது தானா நின்னுரும். நிக்கற வரைக்கும் தண்ணி கொடுத்துத் தாக்குப் பிடிக்கணும். குறைஞ்சா பிரஷர் விழுந்துரும். அதிகமானா நுரையீரல்ல போய்க் கட்டிக்கும். அதனால மூத்திரம் எவ்வளவு போவுதுங்கறது ரொம்ப முக்கியம். அதையும் ரத்தத்தையும் வெச்சுத்தான் டிரிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்வோம்." கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் யுவராணி வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வரும்போது நர்ஸ் கட்டிலருகே நின்று குறித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் போயிருக்காரும்மா. டாக்டர்கிட்ட சொல்றேன், டிரிப்பைக் குறைப்பாங்க."

"எங்க போனாரு?"

"பாத்ரூம்லன்னு சொல்றாரே."

யுவராணி புருஷனைப் பார்த்தாள். இரண்டு கையிலும் ஊசி. தலையைத் தூக்கினால் சுற்றுகிறது என்று மத்தியானம் பூராவும் முனகியவன். முகத்தில் அதே அப்பாவிக் களை. டயருக்குப் பின்னால் எத்தனையோ தடவை அன்பரசி பார்த்திருக்கக்கூடிய களை. யுவராணி குனிந்து பாட்டிலை எடுத்தாள். விரலை விட்டுப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. அவன் செருப்பைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் ஈரமில்லை. போர்வையைத் தூக்கி மெத்தையைத் தடவிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிஸ்டர், அதை அடிச்சுருங்க. பொய் சொல்றாரு. இங்க வந்ததுலருந்து ஒரு சொட்டு போவுல."

நர்ஸ் குறித்ததை அடித்தார்.

"ஏங்க, இதுலயுமா?"

சவுரியப்பனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "போவுலன்னு சொன்னா... அந்த எடத்துல குழாய் உடுவாங்கன்னு இவரு சொன்னாரு." பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினான். "அதுவும் பொம்பளைங்க உடுவாங்களாம்."

நர்ஸ் டாக்டரிடம் ஓடினார். ரத்தம் எடுத்தார்கள். மத்தியானத்தைவிடக் கெட்டியாக இருந்தது. குறைக்க இருந்த டிரிப்பை ராதிகா கூட்டினார். யுவராணியின் தோளில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு, திரும்பவும் நடக்க ஆரம்பித்தார். ஒரு மனுஷன் வெட்கப்பட்டு ஒரு வார்த்தை பொய் சொல்கிறான், அதைக் காகிதத்தில் எழுதுகிறார்கள், ஒரு திருகைத் திருப்புகிறார்கள். சாவுக்கு அவ்வளவு போதும். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு யுவராணி அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் "நல்லா இருக்கேன்" என்றால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "வயிறு வலிக்கல" என்றால் வயிற்றை அமுக்கினாள்; அவன் கத்தினான். தூங்குகிறான் என்று மற்றவர்கள் சொன்னபோது எழுப்பிப் பேர் கேட்டாள்.

"சவுரியப்பன்."

"என் பேரு?"

"யுவராணி."

"எங்க போட்டீங்க அதை?"

"செவுத்துல... தப்புத்தான், உட்டுரு."

"உடமாட்டேன்."

விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம் உள்ளங்காலில் சூடு திரும்பியிருந்தது. ரத்தத்தின் கெட்டி கொஞ்சம் இறங்கியிருப்பதாக நர்ஸ் சொன்னார். யுவராணி நம்பவில்லை. அவள் எதையும் நம்புகிற நிலையில் இல்லை. அப்போது சவுரியப்பன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"ஏ புள்ள. வருது."

"நெசமா?"

"நெசமாத்தான், சீக்கிரம் எடு."

அவள் பாட்டிலைக் கொடுத்து, போர்வையைத் திரை மாதிரி தூக்கிப் பிடித்தாள். வார்டே பேச்சை நிறுத்தியது. பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டார். நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். சவுரியப்பன் தன் வாழ்நாளில் இத்தனை பேர் பிரார்த்தனையோடு ஒன்றுக்குப் போனதில்லை. நிற்காமல் போனது. போய்க்கொண்டே இருந்தது.

முடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தான். முகத்தில் வேர்வை. வாயோரத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"இப்பவாவது நம்பறியா?"

யுவராணி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். 

"இருங்க," என்றாள். "அளவு பாத்துட்டுச் சொல்றேன்."